இதே ஏழு பேர், மூன்று வருஷம்

மஞ்சள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஷாமியானாவுக்குள் உட்கார்ந்திருந்தேன். பைக்குள் ஏழு ஜெர்ஸிகள். எங்கள் ஆட்டக்காரர்களின் மலை ஊரில் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுத்தனுப்பியவை. சலவை சோப்பு வாசனையோடு அடுப்புப் புகை வாசனையும் லேசாக வந்தது.

வாணியம்பாடி மைதானத்தில் ஃபுட்பால் ஃபைனல் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மைக்காரர் தொண்டை கட்டக் கட்டக் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் டீமின் ஏழு பேரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான்தான் அனுப்பினேன். "போய் நிதானமா குடிச்சிட்டு வாங்கப்பா, டைம் இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஒரு கார் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். வெளியூர் ஆட்டக்காரர்கள். டீமுக்கு ஏழு பேர் ஆடுகிற இந்த செவன்ஸ் ஆட்டத்தில் இவர்களை கெஸ்ட் என்போம். ஏழு பேரில் மூன்று பேர் வரை வெளியாட்களை இறக்கிக்கொள்ளலாம் என்று டோர்னமென்ட் கமிட்டியே அனுமதிக்கும். எல்லா டீமும் செய்வதுதான்.

பையிலிருந்து மூன்று ஜெர்ஸிகளை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒன்று, ஒன்றாம் நம்பர். கோல்கீப்பருடையது. வந்தவன் அதை உதறிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டான்.

எங்கள் கீப்பர் கோவிந்தன் டீ கிளாஸோடு உள்ளே வந்தது அப்போதுதான்.

"பாய், உங்களுக்கு சக்கரை கம்மியா போடச் சொல்லி வாங்கியாந்தேன்" என்றவன், தன் ஜெர்ஸியை இன்னொருத்தன் போட்டுக்கொண்டு குனிந்து ஷூ கட்டுவதைப் பார்த்தான்.  பிறகு டீயை என் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கையுறைகளை எடுத்தான். என் தையல் யூனிட்டில் அவன் கைக்கு அளவெடுத்து நான் தைத்துக் கொடுத்தவை.

"இது அவுரு கைக்கு சேருமா பாருங்க பாய்."

வந்தவனிடம் சொந்தக் கையுறை இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அப்ப நான் இன்னா பண்ணணும் பாய்?" என்று கோவிந்தன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"உக்காரு. ரெண்டாவது பாதியில எறக்கறேன்" என்றேன்.

பொய். அந்த எண்ணமே எனக்குக் கிடையாது. இதில் இன்னொன்றும் உண்டு. இந்தக் கோவிந்தன் என் பேச்சை நம்பி, குடும்பத்தோடு பிழைத்துப்போகக் கூடிய ஒரு நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவன். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்த டீயைக் குடித்தேன்.

போன வாரம் இந்தப் பத்திரிகைத் தொடரில் என் கல்யாணக் கூத்தை எழுதியதற்கு, என் வீட்டில் மூன்று நாள் எனக்குச் சோறு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. இந்த வாரம் யாரையும் கிண்டல் செய்வதாக இல்லை. இது முழுக்க என்னைப் பற்றியது. படித்துவிட்டு நான்கு திட்டு திட்டி யாராவது கடிதம் போட்டால் வாங்கிக்கொள்கிறேன்.

ஓனர் என்று சொல்லிக்கொண்டோம்

டீமுக்கு இரண்டு ஓனர்கள். ஒருவன் நான், கையுறை தைக்கிற சின்ன யூனிட் நடத்துகிறவன். தோட்ட வேலைக்கும் வெல்டிங் வேலைக்கும் போடுகிற தோல் கையுறைகள். இன்னொருவர் என் மனைவி ஷகிலாவின் தம்பி இம்தியாஸ், செருப்புக் கடைக்காரர். என் மகள் பெயரைத்தான் யூனிட்டுக்கு வைத்திருந்தேன். டீமுக்கும் அதையே வைத்தேன். சமீனா செவன்ஸ்.

நிர்வாகக் குழுக் கூட்டம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் நடக்கும். குழு என்றால் நானும் மச்சானும்தான். பேச்செல்லாம் பெரிய பேச்சு. தொலைக்காட்சியில் வெளிநாட்டு லீக் பார்த்துப் பார்த்து, எந்த ஊர் கோச்சுக்கு எங்கே கோளாறு என்பது வரை சொல்வோம். வாயால் வடை சுடுவதில் எங்கள் இரண்டு பேரையும் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆனால் நடந்தது என்ன? ஒவ்வொரு வருஷமும் ஏழு பேரைப் பிடிப்போம். முதல் சுற்றிலோ இரண்டாவது சுற்றிலோ தோற்போம். தோற்ற அன்றைக்கே டீமைக் கலைத்துவிடுவோம். அடுத்த வருஷம் வேறு ஏழு பேர். "இந்த வாட்டி நல்ல ஆளுங்களா எடுக்கணும் மச்சான்" என்பார் இம்தியாஸ். எங்கள் திட்டம் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

இது ஃபுட்பாலில் வந்த வியாதி இல்லை. தொழிலில் வந்தது. கையுறை வேலையில் ஆர்டர் வந்தால் ஆள் எடுப்போம், சரக்கு போனால் அனுப்பிவிடுவோம். வாங்குகிற கம்பெனியிலிருந்து சரக்கைச் சோதிக்க ஆள் வருகிற வாரத்தில் மட்டும், வெளியூரிலிருந்து கை தேர்ந்த தையல்காரர்களைக் கொண்டுவந்து கண்ணில் படுகிற வேலையை அவர்களை விட்டு முடிப்போம். அதுவரை மாசக் கணக்கில் குனிந்து தைத்தவர்களை அந்த வாரம் ஓரமாக உட்காரவைப்போம். தொழிலில் அது வழக்கம். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். நானும் இத்தனை வருஷம் அதில் தப்பு ஒன்றும் பார்த்ததில்லை.

பள்ளத்துக்குப் போகிற பந்து

காவலூரில் பெரிய தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்க்கலாம் என்று சமீனா நச்சரித்ததால் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு மலைக்குப் போனோம். ஆலங்காயம் தாண்டி ஏறும்போதே மேகம் மூடிக்கொண்டது. "இன்னிக்கு ஒண்ணும் தெரியாதுங்க, வேணும்னா காத்திருந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். சமீனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்தச் சீதாப்பழம் வாங்கலாம் என்று ஒரு ஊரோரமாக வண்டியை நிறுத்தினேன்.

அங்கே சாமை அறுத்து முடித்த சரிவான காட்டில் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கல்யாணமான ஆட்கள். காலில் ஷூ கிடையாது. ஒரு கோல் மேட்டில், ஒரு கோல் பள்ளத்தில். பள்ளத்துக் கோலில் நின்றவனைத் தாண்டிப் பந்து போனால் அவ்வளவுதான், உருண்டு உருண்டு ஓடைக்கே போய்விடும். விட்டவன்தான் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும். அரை மணி நேரம் ஆகும். ஆட்டம் நின்றுவிடும். மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்து அவனை ஏசுவார்கள்.

அதனால் அந்தக் கோலில் நின்றவன் எதையுமே விடவில்லை. முட்டி, முழங்கை, முகம் எதையும் பார்க்காமல் விழுந்தான். நான் சீதாப்பழத்தை மறந்தேன், குடும்பத்தை மறந்தேன். ஷகிலா இரண்டு முறை ஹாரன் அடித்தாள்.

அவன்தான் கோவிந்தன். முப்பது வயதிருக்கும். பொங்கல் கழிந்ததும் மனைவி செவந்தியோடு குடகுப் பக்கம் மிளகு எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டு, மழைக்கு ஊர் திரும்புகிற ஆள். அந்த மலையில் பாதிப் பேர் அப்படித்தான்.

நானும் இம்தியாஸும் அதற்கப்புறம் நான்கைந்து முறை ஏறிப் போனோம். ஏழு பேரைப் பேசி முடித்தோம். ஆறு பேர் சரி என்றார்கள். கோவிந்தன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"எஸ்டேட்ல என்னை மேஸ்திரியா வர்றியான்னு கேட்டுக்கீறாங்க பாய். வருசம் முச்சூடும் வேலை. தங்கறதுக்கு வூடு குடுப்பாங்க. பொண்ணை அங்கியே பள்ளிக்கூடத்துல சேத்துக்கலாம். இந்தப் பொங்கலுக்குள்ள பதில் சொல்லணும்."

"எஸ்டேட் எங்கடா ஓடிப்போவுது? உன்னை மாதிரி கீப்பர் இந்த ஜில்லாலயே கெடையாது" என்றேன். இது மட்டும் உண்மை.

"வூட்ல கேக்கணும் பாய். ஊர்லயும் சொல்லணும்" என்றான்.

நின்றுகொண்டு படித்தேன்

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாயால் சொல்வதற்கு அங்கே பெரிய மதிப்பில்லை. சொன்னவனும் மறப்பான், கேட்டவனும் மறப்பான். ஆனால் கூட்டத்தில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு நின்று படித்துவிட்டால் அது முடிந்த விஷயம். காட்டிலாகா அறிவிப்பிலிருந்து கோயில் வரி வரை அப்படித்தான். படித்து முடித்ததும் ஊர்த் தலைவரான கவுண்டர் "ஊருக்கு சம்மதமா?" என்று மூன்று முறை கேட்பார். மூன்றாவது முறை சம்மதம் என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் பேச்சு மாற மாட்டார்கள்.

இதை என்னிடம் கோவிந்தன் முன்கூட்டியே சொன்னான். "திட்டத்தை எழுதியாந்து படிச்சிடுங்க பாய், அது போதும்" என்றான். சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறந்தே போனேன்.

மாரியம்மன் கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கவுண்டர் என்னைப் பார்த்து, "படிங்க பாய்" என்றார். இம்தியாஸ் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையில் கையை விட்டேன். ஒரு காகிதம் அகப்பட்டது. எடுத்து விரித்தேன். கழித்துப் போட்ட கையுறைகளின் லிஸ்ட். எட்டாம் சைஸில் கட்டைவிரல் தையல் பிரிந்தவை, பத்தாம் சைஸில் தோல் சுருங்கியவை என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்தது.

"மன்னிச்சிக்குங்க, எழுதி வரலை, அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு குடியும் முழுகியிருக்காது. ஆனால் அத்தனை பேர் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். பெரிய மனுஷன் என்கிற நினைப்பு என் தலைக்கு ஏறிவிட்டது.

எழுந்து நின்று படித்தேன்.

முதல் வருஷம், மலையை விட்டு வெளியே ஆடிப் பழகுவது, ஜெயிப்பது தோற்பது இரண்டாம் பட்சம். இரண்டாம் வருஷம், வேலூர் திருவண்ணாமலை பக்கத்து டீம்களை எல்லாம் ஜெயிப்பது. மூன்றாம் வருஷம், இந்த மலையிலேயே ஒரு சமதளமான மைதானம், ஏழு பேருக்கும் என் யூனிட்டில் நிரந்தர வேலை. காகிதத்தில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே படித்தேன். நடுவில் ஒரு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மகாராசன்!

 பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி மட்டும் எழுந்தாள். கோவிந்தனின் மனைவி செவந்தி.

"மொத வருசமே தோத்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

எங்கள் பிரியாணிக் கடைக் கூட்டங்கள் எதிலும் எழாத கேள்வி அது. இத்தனை வருஷத்தில் எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை.

"தோத்தாலும் இதே ஏழு பேரும்மா. ஜெயிச்சாலும் இதே ஏழு பேர். மூணு வருஷத்துக்கு ஆளை மாத்த மாட்டோம்" என்றேன். அதையும் காகிதத்தைப் பார்த்தேதான் சொன்னேன்.

"அப்ப சரிங்க" என்று உட்கார்ந்தாள். பிறகு மறுபடி எழுந்து, "அந்தக் காயிதத்தை இங்கியே குடுத்துட்டுப் போறீங்களா?" என்றாள்.

"ஆபீஸ்ல டைப் பண்ணி அனுப்பறேம்மா" என்றேன்.

கவுண்டர் மூன்று முறை கேட்டார். ஊர் மூன்று முறை சம்மதம் சொன்னது. கோவிந்தன் அந்த வாரமே எஸ்டேட்டுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டான். திரும்பி வரும்போது மலையிறக்கத்தில் இம்தியாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சான், நீங்க சினிமாவுக்குப் போயிருக்கணும்!" நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ரிஸ்க் எடுக்கக் கூடாது

அவர்கள் ஆடினார்கள் பாருங்கள்! வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்து இறங்கி வந்து பயிற்சி செய்வார்கள். ஷூ போட்டால் கால் கடிக்கிறது என்று முதல் மாதம் முழுக்க நொண்டினார்கள். சமதளத்தில் பந்து தானாக உருளவில்லை என்பதே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. கோடை டோர்னமென்ட் வந்தது. முதல் சுற்று ஜெயித்தோம். இரண்டாவது சுற்று ஜெயித்தோம். நான் ஊருக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

செமிஃபைனலில் கோவிந்தன் ஒரு கோல் விட்டான். அந்த டோர்னமென்டில் அவன் விட்ட ஒரே கோல் அது. அவனுக்கு இடது பக்கம், தரையோடு தரையாக வந்த பந்து. எங்கள் ஆளே ஒருத்தன் குறுக்கே நின்றதால் பந்து வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. நாங்களும் ஒரு கோல் போட்டு ஆட்டம் சமனாகி, டைபிரேக்கருக்குப் போனது. அதில் இரண்டு அடியைத் தடுத்து டீமை ஃபைனலுக்குக் கொண்டு போனவனும் அவன்தான். மைதானத்தில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினோம். தூக்கிய தோள்களில் ஒன்று என்னுடையது.

மறுநாள் பிரியாணிக் கடையில் நிர்வாகக் குழு கூடியது.

"மச்சான், ஃபைனல் வரைக்கும் வந்துட்டோம். இனிமே ரிஸ்க் எடுக்கக் கூடாது. மூணு கெஸ்ட்டைப் பேசி வச்சிருக்கேன். கீப்பர் ஒருத்தன், முன்னால ஆடறவங்க ரெண்டு பேர்" என்றார் இம்தியாஸ்.

"கோவிந்தன் இருக்கானே" என்றேன்.

"அவன் நல்லவன்தான் மச்சான். ஆனா ஃபைனல் ஆடுன அனுபவம் இல்லியே."

நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். ஊர்க் கூட்டத்தில் என்ன சொன்னோம் என்று ஞாபகப்படுத்தியிருக்கலாம். எனக்கு அது ஞாபகம் வந்தது. வராமல் இல்லை. ஆனால் கோப்பையும் ஞாபகம் வந்தது. சரி என்றேன். அதோடு விட்டோமா? "அவங்ககிட்ட முன்னாடியே சொல்ல வேண்டாம், அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்று சொன்னது நான்தான். மச்சான் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை.

கப்போடு எடுத்த போட்டோ

இப்போது ஷாமியானாவுக்குத் திரும்புவோம்.

ஆட்டம் தொடங்கியது. கோவிந்தனும் இன்னும் இரண்டு மலை ஆட்களும் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மற்ற இருவரும் ஷூவைக் கழற்றிவிட்டார்கள். கோவிந்தன் கழற்றவில்லை. நான் சொன்னதை நம்பி, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டாவது பாதி முழுக்க என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நான் மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. எடுத்தால் அவன் கண்ணில் மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன்.

ஜெயித்தோம். ஆமாம், ஜெயித்தோம். இரண்டு கோல். இரண்டையும் வெளியாட்களே போட்டார்கள். வந்த கீப்பருக்குப் பெரிதாக வேலையே இல்லை. இரண்டு பந்தோ மூன்று பந்தோதான் அவன் பக்கம் வந்தது. கோவிந்தன் கண்ணைக் கட்டிக்கொண்டு பிடித்திருப்பான்.

விசில் ஊதியதும் முதலில் எழுந்து கை தட்டியவன் அவன்தான்.

போட்டோ எடுக்க எல்லோரையும் கூப்பிட்டார்கள். நான் நடுவில், கையில் கோப்பை. கோவிந்தன் ஓடிவந்து ஓரத்தில் நின்றான். போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "ஜெர்ஸி போடாதவங்க கொஞ்சம் தள்ளிக்குங்கப்பா" என்றார். கோவிந்தன் தள்ளி நின்றான். "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் தள்ளிப் போனான்.

என் காதில் விழுந்தது. "அவன் எங்க கீப்பர்யா" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். அந்தப் போட்டோ இன்றும் என் யூனிட்டில் மாட்டியிருக்கிறது. கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் மாட்டியே இருக்கிறது.

சரிங்க பாய்

அடுத்த டோர்னமென்டுக்கு அந்த மூன்று கெஸ்ட்டும் எதிர் டீமுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கூப்பிட்ட இடத்தில் ஆடுவது அவர்கள் பிழைப்பு. இம்தியாஸுக்கு அதற்குள் ஃபுட்பால் கசந்து, கிரிக்கெட் பக்கம் பார்வை போய்விட்டது. சமீனா செவன்ஸ் கலைந்தது. இரண்டாம் வருஷமும் இல்லை, மூன்றாம் வருஷமும் இல்லை. இதை மலையில் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை.

கோவிந்தனிடமிருந்து போன் வரும். எடுக்க மாட்டேன். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவான். "பாய், பயிற்சி எப்பன்னு சொன்னீங்கன்னா வந்துடுவோம். பஸ்ஸு டைம் பாக்கணும்." கேட்டுவிட்டு மூடிவிடுவேன். ஒரு நாள் ஷகிலா பக்கத்தில் இருந்தபோது அந்தக் குரல் வந்துவிட்டது.

"யாருங்க அது? எந்தப் பயிற்சி?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கையுறை லிஸ்ட் வரைக்கும். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "சீ" என்று ஒரு வார்த்தை. பிறகு, "நேர்ல போய் அந்தாளாண்ட உண்மையச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் அந்தக் கப்பை வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க" என்றாள்.

போனேன். வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "கோவிந்தா, என்கிட்ட திட்டம்னு ஒண்ணும் கெடையாது. அன்னிக்குப் படிச்சது பொய்." இவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

வீட்டு வாசலில் செவந்தி புளி உடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தாள். "வாங்க பாய். அவரு தோ வந்துடுவாரு" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். மேஸ்திரி வேலை வேறு ஊர்க்காரனுக்குப் போய்விட்டது என்றாள். கோவிந்தன் இப்போது ஆலங்காயத்தில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறானாம். வேலை இருக்கிற நாளில் உண்டு, இல்லாத நாளில் இல்லை. இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை. விசாரித்தேன், சொன்னாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்களாண்ட ஒண்ணு கேக்கணும் பாய். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. அவரு சரியா துன்றதில்ல, தூங்கறதில்ல. செமிஃபைனல்ல ஒரு கோல் வுட்டாராமே. அதனாலதான் பாய் திட்டத்தையே மாத்த வேண்டியதாப் போச்சு, என்னாலதான் ஏழு பேருக்கும் கெட்டுப்போச்சுன்னு அதையே சொல்லிக்கினு கீறாரு. எழுதிப் படிச்சதை ஒரு மனுசன் சும்மா மாத்துவாரா, நான்தான் இன்னாவோ தப்பு பண்ணிட்டேன்றாரு. அந்தக் கோலாலதானா பாய்? அப்படி இல்லன்னா, இல்லன்னு ஒரு வார்த்தை அவராண்ட சொல்லிட்டுப் போங்க."

 நான் செய்ததற்கு அந்த மனுஷன் தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிறான்.

கோவிந்தன் வந்தான். மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க பாய், இன்னா திடீர்னு!" என்றான். முழங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. சுமை தூக்கியதால் இல்லை. சாயங்காலமானால் இன்னும் அந்தச் சரிவில் போய்க் கோலில் நிற்கிறான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"அந்தக் கோலு என் தப்புதான் பாய். எடது பக்கம் சாஞ்சி நின்னுருக்கணும். அன்னிக்கே உங்களாண்ட வந்து சொல்லணும்னு பாத்தேன், சொல்ல வாய் வரலை."

செவந்தி என் முகத்தைப் பார்த்தாள். அவன் என் முகத்தைப் பார்த்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த அந்த இரண்டு வரி நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் என்ன ஆகும்? நான் பொய்யன் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியும். நின்றுகொண்டு படித்தவன் வெறும் காகிதத்தைப் படித்தான் என்று தெரியும். சொல்லாவிட்டால், ஒன்றும் ஆகாது. எனக்கு.

"ஆமா கோவிந்தா" என்றேன். "அன்னிக்கு நீ கொஞ்சம் அசந்துட்ட. அந்த எடது பக்கத்தைச் சரி பண்ணிக்க. அப்புறம் பாக்கலாம்."

அவன் முகத்தில் வருத்தம் வரும் என்று நினைத்தேன். நிம்மதி வந்தது. எது தப்பு என்று தெரிந்துவிட்ட நிம்மதி.

"சரிங்க பாய்" என்றான்.

செவந்தி முறத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கீழே இறங்கினேன். வீட்டில் ஷகிலா, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அவளும் நம்பினாள். கோப்பை இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது. இந்த வாரம் பத்திரிகை வந்ததும் அவளுக்கும் தெரிந்துவிடும்.

கோவிந்தா, அந்தக் கோலில் உன் தப்பு ஒன்றுமே கிடையாது. எங்களிடம் திட்டம் என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை. நீ கெடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இதை உன் வீட்டு வாசலில் சொல்லத் துப்பில்லாமல், முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் காவலூர் பஸ் கண்டக்டர் ஒருவரைப் பார்த்தேன். அந்த ஊரைப் பற்றி விசாரித்தேன். "அங்க ஒருத்தன் கீறான்ங்க" என்று சிரித்தார். "ஆட ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் தெனம் சாயங்காலம் அந்தச் சரிவுல எடது பக்கமாவே விழுந்துக்கினு கீறான்."